கல்யாண ஜவுளி: தி.நகர் பெரிய கடையில் ஒரே நாளில் முடிக்க என்ன வரிசையில் போகணும்?

தென்பெண்ணை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தை மாதம் தங்கை கல்யாணம். கள்ளக்குறிச்சியிலிருந்து எட்டுப் பேர் கிளம்பி வருகிறோம். ஜவுளி, பாத்திரம், மிக்ஸி எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கும் உஸ்மான் ரோடு கடை ஒன்றிலேயே முடித்துவிடலாம் என்பது பெரியவர்கள் முடிவு. பட்டியல் இது: முகூர்த்தப் பட்டு ஒன்று, ரிசப்ஷன் சேலை ஒன்று, சம்பந்தி வீட்டுக்குப் பட்டு ஆறு, வைத்துக்கொடுக்க சாதாரண சேலை நாற்பது, வேட்டி சட்டை இருபத்தைந்து, சீர் பாத்திரம், குக்கர், மிக்ஸி.

எந்த நாள், எந்த மாடி முதலில்? பட்டு அசல்தானா என்று கடையிலேயே பார்க்க முடியுமா? பில் போட்ட பிறகு சாமான் மாறிப்போகிறது என்று பலர் சொல்கிறார்கள், அது எங்கே நடக்கிறது? வீட்டுக்கு வந்து குறை தெரிந்தால் மாற்றித் தருவார்களா? பெரியப்பா முழுக்க ரொக்கமாகக் கொண்டுவரப் போகிறேன் என்கிறார், அது சரிவருமா?

---

மாம்பலம்வாசி:

முதலில் நாளைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக் கூட்டம் வடிந்து பொங்கல் கூட்டம் ஆரம்பிக்கும் முன், கார்த்திகை மாதத்தில் செவ்வாய், புதன் மாதிரி ஒரு வார நாள். ஞாயிறு வேண்டவே வேண்டாம். கடை திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு சேலையை விரித்துப் பார்க்கக்கூட மேஜை கிடைக்காது. மார்கழி வரை தள்ளிப் போடாதீர்கள். முகூர்த்த ரவிக்கைக்கு ஆரி வேலை என்றால் தையல்காரர் மூன்று நான்கு வாரம் கேட்பார்.

எட்டுப் பேருக்கு வேன் எடுத்தால் வண்டியை நிறுத்துவதிலேயே பாதி காலை போய்விடும். கிளாம்பாக்கத்தில் இறங்கினாலும் தாம்பரத்தில் இறங்கினாலும் மின்சார ரயில் பிடித்து மாம்பலம் வந்துவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023-ல் திறந்த ஆகாய நடைமேடை இருக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் பெரியவர்களை இழுத்துப் போக வேண்டியதில்லை.

மாடி வரிசை: பட்டு முதலில், பாத்திரம் கடைசியில். பட்டுக்குத்தான் பொறுமையும் கண்ணும் வேண்டும், அது காலையில்தான் இருக்கும். எட்டுப் பேரும் ஒரே மேஜையைச் சுற்றி நிற்காதீர்கள். பெண்ணும் முடிவு சொல்லும் இரண்டு பேரும் பட்டில் உட்காரட்டும், மற்றவர்கள் வேட்டி சட்டைப் பிரிவுக்குப் போகட்டும். லிஃப்டில் மேல் மாடி போய், படியில் ஒவ்வொரு தளமாக இறங்கி வருவது சுலபம். மேலே போன உடனே வெளியேறும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று ஒருதரம் பார்த்து வையுங்கள். 2008-ல் ரங்கநாதன் தெருவிலும் 2017 மே 31-ல் உஸ்மான் ரோட்டிலும் பெரிய கடைகள் எரிந்த ஊர் இது.

வாசலில் பையை டோக்கன் போட்டு வாங்கி வைப்பார்கள். பணம், நகை, போன், மாத்திரை எதையும் அதில் விடாதீர்கள்.

கேட்காத ஒன்று: நாற்பது சேலையை இங்கே வாங்காதீர்கள். வைத்துக்கொடுக்கிற சேலைக்குச் சௌகார்பேட்டை மொத்தக் கடைதான் கணக்கு. அதே போல அண்டா, குத்துவிளக்கு எல்லாம் கள்ளக்குறிச்சியிலேயே கிலோ விலையில் கிடைக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவானேன்?

---

கோர்வை:

பட்டு பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

மேஜையில் உட்கார்ந்ததும் எவ்வளவு விலைக்குள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் விற்பனைப் பெண் மேல் விலையிலிருந்து இறங்கி வருவார். ஒரு மணி நேரம் கழித்து உங்கள் விலைக்குள் எது வந்தாலும் கண்ணுக்குப் பிடிக்காது.

நிறம்: கடை விளக்கு மஞ்சளாக அடிக்கும். அதன் கீழே அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத் தெரியும், மயில் கழுத்துப் பச்சை நீலமாகத் தெரியும். பிடித்த இரண்டு மூன்றை மட்டும் ஜன்னல் பக்கமோ வாசல் பக்கமோ கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். ஆள் கூட அனுப்பிக் காட்டுவார்கள். கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும் என்பதால் போனில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பி முடிவு கேட்பது வீண்.

பட்டுதானா: முந்தி ஓரத்தில் தொங்கும் நூலைக் கிள்ளி எரித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. எரிந்த முடி வாடை வந்து, சாம்பலை நசுக்கினால் பொடியாக வேண்டும். உருகிக் கெட்டியான மணி மாதிரி நின்றால் பாலியஸ்டர். காகிதம் எரிகிற வாடை வந்தால் விஸ்கோஸ். ஆனால் முந்தியில் தொங்குவது நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டுமே. பாவு பட்டாகவும் ஊடை செயற்கை இழையாகவும் நெய்த சேலை சந்தையில் தாராளமாக இருக்கிறது. அதனால் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் ஒன்று உருவித் தரச் சொல்லுங்கள். இரண்டையும் வெளியே போய்த் தனித்தனியாகக் கொளுத்திப் பார்க்கலாம். உருவித் தரத் தயங்குகிற சேலையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

நெசவு: கைத்தறிக் கோர்வைச் சேலையைத் திருப்பிப் போட்டால் உடலும் பார்டரும் சேரும் கோட்டில் ஊடைகள் ஒன்றோடொன்று கோத்திருப்பது விரலுக்கே தட்டுப்படும். முழுச் சேலையையும் விளக்குக்கு எதிரே பிடித்து நகர்த்துங்கள். இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை, மடிப்புக் கோட்டில் ஜரிகை கறுத்திருப்பது எல்லாம் அப்போதுதான் தெரியும். மடிப்பில் கறுத்திருந்தால் அது நாள்பட்ட சரக்கு. நீளம் சேலைக்கு ஐந்தரை மீட்டர், ரவிக்கைக்கு 80 சென்டிமீட்டர் தனியாக. பெண் உயரம் என்றால் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள், 46 அங்குலம் போதாது, 48 வேண்டும்.

---

தென்பெண்ணை:

நன்றி அக்கா. சில்க் மார்க் சீட்டு இருந்தால் ஜரிகையும் அசல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

கோர்வை:

கூடாது. சில்க் மார்க் என்பது மத்திய பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்தது. நூல் அசல் பட்டு என்பதற்கு மட்டும் அது பொறுப்பு. ஜரிகையைப் பற்றியோ கைத்தறியா விசைத்தறியா என்பது பற்றியோ அந்தச் சீட்டு எதுவும் சொல்லாது. கைத்தறிக்குத் தனி முத்திரை இருக்கிறது.

சுத்த ஜரிகை என்றால் பட்டு இழை மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் போட்டது. ஹாஃப் ஃபைன் என்பது செம்புக் கம்பி மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. மூன்றாவது, பாலியஸ்டர் படலத்தை நறுக்கிச் செய்தது. சேலையின் பின்பக்கத்தில் ஜரிகையை நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் வந்தால் அசல் என்பார்கள். உள்நூலுக்குச் சிவப்புச் சாயம் போடுவதில் யாருக்கும் சிரமமில்லை என்பதால், சிவப்பு வந்ததை வைத்து நம்ப வேண்டாம். சிவப்பு வராவிட்டால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். ஜரிகையைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவி சில கடைகளில் இருக்கிறது. முகூர்த்தப் பட்டுக்கு மட்டுமாவது அதில் வைத்து வெள்ளி எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். கருவி இல்லையா, "சுத்த ஜரிகை" அல்லது "ஹாஃப் ஃபைன்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதை ஆறு மாதம் கழித்து யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இன்றைய வெள்ளி விலையில் பெரிய பார்டர் போட்ட சுத்த ஜரிகைச் சேலை பதினைந்தாயிரத்துக்கு வராது. சம்பந்தி வீட்டு ஆறுக்கும் ஹாஃப் ஃபைன் தாராளமாகப் போதும், அதில் குறைவு ஒன்றுமில்லை. ஹாஃப் ஃபைனைச் சுத்த ஜரிகை விலைக்கு வாங்காமல் இருந்தால் சரி.

---

மூணாவதுமாடி:

பில், டெலிவரி விஷயம். சாமான் எங்கே மாறுதுன்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் இரண்டு இடம்தான்.

நடைமுறை இப்படி: நீங்க எடுத்ததை செக்‌ஷன்காரர் ஸ்கேன் பண்ணி ஒரு ஸ்லிப் கொடுப்பார். சாமான் உங்க கையில வராது, கூடையில பேக்கிங்குக்குப் போயிடும். நீங்க ஸ்லிப்பைக் கொண்டுபோய் கேஷ் கவுண்டர்ல கட்டுவீங்க. பில்லுல 'பெய்டு' முத்திரை விழும். அதை டெலிவரி கவுண்டர்ல காட்டினா பை வரும். வாசல்ல செக்யூரிட்டி பில்லை ஒருதரம் பார்த்து கிழிப்பார், இல்லன்னா ஓட்டை போடுவார்.

முதல் இடம் மேஜை. அம்பது சேலை விரிச்சுக் கிடக்கும்போது, நீங்க ஓகே சொன்னது ஒண்ணு, அதே டிசைன்ல வேற நிறம் ஒண்ணு கூடையில போயிடும். அதனால எடுத்த ஒவ்வொண்ணையும் தனியா ஒதுக்கி வைக்கச் சொல்லி, ஸ்லிப் போடறதுக்கு முன்னாடி பார்கோடு சீட்டோட போட்டோ எடுத்துக்கோங்க. சீட்டுல இருக்கிற கடைசி நாலு எண்ணும் பில்லுல இருக்கிற எண்ணும் ஒண்ணா இருக்கணும்.

இரண்டாவது இடம் டெலிவரி கவுண்டர். பையை அப்படியே வாங்கிட்டு நகரக்கூடாது. அங்கேயே பிரிச்சு பீஸ் எண்ணி பில்லோட ஒத்துப்பாருங்க. பின்னாடி வரிசை நிக்குதுன்னு கூச்சப்படாதீங்க. கவுண்டரை விட்டு வந்துட்டு "ஒரு பீஸ் குறையுது"ன்னா, அப்புறம் கேமரா பார்க்கணும், சூப்பர்வைசர் வரணும், ஒரு மணி நேரம் போயிடும். ஒவ்வொரு மாடிக்கும் தனி பில், தனி டெலிவரின்னு இருந்தா ஒரே ஆள் கையில எல்லா பில்லும் இருக்கட்டும்.

நாற்பது சேலை இங்கேயே எடுத்தா (சௌகார்பேட்டை விலை குறைவுதான், ஆனா எட்டுப் பேரோட ஒரே நாள்ல ரெண்டு இடமும் நடக்காது) கட்டா தருவாங்க. கட்டுக்குள்ள ரவிக்கைத் துணி இருக்கிறதும் இல்லாததும் கலந்து வரும். ஒவ்வொரு சீட்டுலயும் 'வித் பிளவுஸ்' இருக்கான்னு பாருங்க.

சட்டை: 40 சைஸ்னா எல்லா கம்பெனியிலயும் ஒரே 40 இல்ல. ஸ்லிம் ஃபிட் 40 வயிறு இருக்கிறவங்களுக்கு ஏறாது. பேர், மார்பளவு எழுதின பட்டியல் கொண்டுவாங்க. சந்தேகமா இருக்கிறவங்களுக்கு ரெடிமேடு வேண்டாம், சட்டைத் துணியா வாங்கிடுங்க. முழுக்கைக்கு 36 அங்குல அகலத் துணின்னா இரண்டரை மீட்டர், 58 அங்குலம்னா 1.6 மீட்டர்.

குக்கர்ல ஐ.எஸ்.ஐ முத்திரை பாருங்க, 2021-லிருந்து கட்டாயம். மிக்ஸியை டெமோ மேஜையில பிளக் போட்டு ஓட்டச் சொல்லுங்க. மூணு ஜாரையும் மாட்டிப் பார்க்கணும். ஒரு ஜார் மட்டும் உட்காராம ஆடறது சகஜம். வாரண்டி கார்டுல கடை முத்திரையும் தேதியும் அங்கேயே வாங்கணும். பாத்திரத்தை கவரும் மூடியும் இல்லாம எடை போடச் சொல்லுங்க. பேர் வெட்டறது எல்லாத்தையும் பார்த்து முடிச்ச பிறகுதான். பேர் வெட்டினா திரும்ப எடுக்க மாட்டாங்க.

ஒரு வேண்டுகோள். விரிச்ச சேலையை மடிக்கிற பெண்ணுக்குக் காலையிலிருந்து இரவு வரை நின்ன கால். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரணும்னு 2021-ல இங்க சட்டமே வந்தாச்சு. அவங்க ஸ்டூல்ல உட்கார்ந்தா "வாடிக்கையாளரை மதிக்கல"ன்னு புகார் சொல்லாதீங்க.

---

வரவுசெலவு:

ரொக்கம் பற்றி. ஒரு கடை ஒரே நபரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. பில்லைப் பிரித்துப் போட்டாலும், ஒரே நிகழ்ச்சிக்காக வேறு வேறு நாளில் வாங்கினாலும் வருமான வரிச் சட்டம் அதைச் சேர்த்தே பார்க்கும். அபராதம் வாங்கிய கடைக்குத்தான், அதனால் அவர்களே மறுத்துவிடுவார்கள். யு.பி.ஐ-யில் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும். ஆகவே டெபிட் கார்டைக் கொண்டுவாருங்கள். கடையில் தேய்க்கும் தினசரி வரம்பை முந்தின நாளே வங்கி ஆப்பில் உயர்த்தி வையுங்கள். கேஷ் கவுண்டர் வரிசையில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது, அடித்தளத்தில் சிக்னலே இருக்காது.

ஜி.எஸ்.டி: சேலை எவ்வளவு விலையானாலும் 5 சதவீதம், அது துணிக் கணக்கில் வரும். தைத்த ஆடை (சட்டை, லெஹங்கா, குர்தா) 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. இந்த 2,500 தள்ளுபடி போக, வரி சேர்க்காத விற்பனை விலை. சீட்டில் 2,700 இருந்து தள்ளுபடியில் 2,300-க்கு வந்தால் 5 சதவீதம்தான் போட வேண்டும். எம்.ஆர்.பி என்று அச்சடித்த பொருளில் வரி அதற்குள்ளேயே இருக்கிறது. மேலே தனியாகக் கூட்டினால் கேளுங்கள்.

பில் போட போன் எண் கட்டாயம் என்பார்கள். வற்புறுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் மாற்றித் தரும்போது எண் இருந்தால் பழைய பில்லைத் தேடி எடுப்பது சுலபம். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம்.

---

மாவட்டஆணையம்:

திரும்பக் கொடுப்பதில் இரண்டு வகை உண்டு, கலக்க வேண்டாம்.

"நிறம் பிடிக்கவில்லை, சைஸ் சேரவில்லை" என்றால் அது கடையின் விதிப்படி. பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள், வேறு பொருளோ கிரெடிட் நோட்டோதான். எத்தனை நாள், எந்த நேரம், ஞாயிறு உண்டா, தள்ளுபடிச் சரக்குக்கு உண்டா, கிரெடிட் நோட்டு எத்தனை மாதம் செல்லும் என்பதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து ஏழு நாளுக்குள் திரும்பி வருவது உங்களால் முடியுமா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கிழித்தாலோ ஃபால்ஸ் அடித்தாலோ அதுவும் போயிற்று.

பொருளே பழுது என்றால் கதை வேறு. பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் முப்பது நாளுக்குள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பது பழுதுக்குச் செல்லுபடியாகாது என்று வாதிட இந்தப் பிரிவே போதும். பில் தராமல் விடுவதும் அதே வகைதான்.

செய்ய வேண்டியது: வீட்டுக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள், கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை கட்டோடு வைக்காதீர்கள். குறை இருந்தால் சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்து, கடைக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசியது சாட்சியாகாது. பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இன்னொன்று, பில் தாள் வெப்பத்தில் அச்சாவது, சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றே நகல் எடுங்கள்.

---

தென்பெண்ணை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாத்திரம் ஊரிலேயே என்று பெரியப்பாவும் ஒத்துக்கொண்டார். நாற்பது சேலை தி.நகரிலேயேதான். கடைசியாக ஒன்று: முகூர்த்தப் பட்டின் ரவிக்கைத் துணியைக் கடையிலேயே வெட்டித் தருகிறார்களாம், ஃபால்ஸும் அங்கேயே இலவசமாம். செய்துவிடலாமா?

---

கோர்வை:

வேண்டாம் தம்பி. வெட்டினாலும் ஃபால்ஸ் அடித்தாலும் மாற்றும் உரிமை அங்கேயே முடிந்தது. ரவிக்கைப் பகுதி சில சேலையில் முந்திப் பக்கம் இருக்கும், சிலதில் உள் முனையில். கை பார்டர் எந்த ஓரத்திலிருந்து எடுப்பது என்று தைப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரத்தில் வெட்டுகிற கடைப் பையன் நூல் நேர் பார்க்காமல் ஓட்டிவிட்டால் கைக்குப் பார்டர் பற்றாது. இலவச ஃபால்ஸும் பெரும்பாலும் சாயம் நிற்காத துணி. ஊரில் வாங்கி, ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுச் சுருக்கம் எடுத்துவிட்டுக் கையால் அடிக்கச் சொல்லுங்கள், பட்டுக்கு மெஷின் தையல் சுருக்கம் விழும்.